வண்டுச் சத்தமும் கலியாண வீடும்: அக்காவோட கொஞ்சம் கதையுங்கோ

போன இதழில ஒரு கேள்வி போட்டிருந்தன், பழைய துன்பம் இண்டைக்கு ஆக்களோட பழகேக்க எங்கயாவது இடறுதோ எண்டு. வந்த கடிதங்களில கனக்க வன்னிப்பக்கம், அதால இந்த முறை வன்னிக்கடிதம் மட்டும்தான், மற்றவை கோவிக்காதேங்கோ. ஆரெண்டு பிடிபடாமல் இருக்க வயசையும் வீட்டு விசயத்தையும் கொஞ்சம் மாத்தியிருக்கிறன்.

கேள்வி: அக்கா, எனக்கு 29 வயசு, யாழ்ப்பாணத்தில பிறந்து வளந்தனான், கலியாணம் கட்டி விசுவமடுவுக்கு வந்து ரெண்டு வருசம். வன்னிச் சண்டை முடிஞ்ச 2009 இல இவர் 17 வயசுப் பெடியன், கடைசி மட்டும் உள்ளுக்க நிண்டவர் எண்டு மாமி சொல்லித்தான் தெரியும், இவர் வாய் திறக்கமாட்டார். குடி இல்லை, வேலைக்குக் கள்ளம் இல்லை. என்ர தங்கச்சின்ர கலியாணத்துக்குப் போன இடத்தில தாலி கட்டுற நேரம் வீடியோக்காரப் பெடியள் ட்ரோன் பறக்க விட்டவங்கள், இவர் எழும்பி வெளியில போனவர்தான், தேடிக்கொண்டு போய்ப் பாத்தா வாகனம் விடுற இடத்தில ஒரு வானுக்குப் பக்கத்தில குந்திக்கொண்டு இருக்கிறார். குறூப் போட்டோவில ஆள் இல்லை. மாப்பிள்ளைக்கு ராங்கி, எங்கட ஆக்களை மதிக்கேல்ல எண்டு அம்மா இண்டைக்கும் சொல்லிக்கொண்டு திரியிறா. வீட்டிலயும் நான் பின்னால போய்த் தோளில கை வைச்சா கையைத் தட்டிவிடுவார். போன் எடுக்கப் பிந்தினா 12 மிஸ்ட் கோல் கிடக்கும், எடுத்தவுடன ஏச்சு. என்னை இவருக்குப் பிடிக்கேல்லையோ அக்கா?
– விசுவமடு

பதில்: தங்கச்சி, முதல் வேலையா உங்கட அம்மாவுக்கு வண்டு எண்டா என்னெண்டு சொல்லுங்கோ. யாழ்ப்பாணத்தில இருந்தவைக்குத் தெரியாமல் இருக்கலாம், சண்டைக்காலத்தில வன்னிக்கு மேல சுத்தின ஆளில்லாத வேவு விமானத்துக்கு எங்கட சனம் வைச்ச பேர்தான் வண்டு. காதுக்குள்ள ஒரு ரீங்காரம், மேல பாத்தா ஆளையே காணேலாது, ஆனா வண்டு சுத்தினா பிறகு குண்டு போடுற கிபிர் விமானம் வரும், இல்லாட்டி செல் வரும் எண்டு சின்னப்பிள்ளைக்கும் தெரியும். அந்தச் சத்தம் கேட்டா செய்யிற வேலை ஒண்டே ஒண்டு, பங்கருக்குள்ள இறங்கிறது, பங்கர் இல்லாட்டி பாரமா நிக்கிற ஏதாவது ஒண்டுக்குப் பக்கத்தில குந்திறது. வானுக்குப் பக்கத்தில குந்தியிருந்தவர் எண்டு எழுதியிருக்கிறியள் பாருங்கோ, எனக்கு அந்த ஒரு வரி போதும். கலியாண ட்ரோனுக்கும் உதே சத்தந்தான். இவர் சபையை அவமதிக்கேல்ல, அந்த நேரம் இவருக்குச் சபையே இல்லை.

எங்கட மூளைக்குள்ள அமிக்டலா எண்டு வாதுமைக்கொட்டை அளவில ஒரு பகுதி இருக்கு, அதை வளவு நாய் எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. வீட்டுக்காரன் நித்திரையால எழும்பி ஆர் வந்தது எண்டு பாக்கிறதுக்கு முன்னமே நாய் குலைச்சு முடிஞ்சிடும், அதுக்குள்ள நெஞ்சு அடிக்குது, உள்ளங்கை வேர்க்குது, கால் ஓடத் தயாரா நிக்குது. வீட்டுக்காரன் வந்து "இது கலியாண வீடடா" எண்டு சொல்லுறதுக்கிடையில ஆள் வாகனத்துக்குப் பக்கத்தில. ஒருக்கா உயிரைக் காப்பாத்தின நாய், அது லேசில குலைக்கிறதை விடாது. 2009 முடிஞ்சுபோச்செண்டு அதுக்கு ஒருத்தரும் சொல்லேல்ல. பின்னால வந்து தோளில கை வைக்கிறதும் இப்பிடித்தான், தட்டிவிட்ட பிறகுதான் அது உங்கட கை எண்டு இவருக்கே தெரியும், அந்த நேரம் முகத்தைப் பாத்தியளெண்டா வெக்கம் தெரியும்.

போன் விசயம் வேற. கிளிநொச்சி 2009 தை 2 இல ஆமியிட்ட விழுந்தது, அதுக்குப் பிறகு சனம் தர்மபுரம், விசுவமடு, சுதந்திரபுரம், இரணைப்பாலை, பொக்கணை, முள்ளிவாய்க்கால் எண்டு தறப்பாளையும் சட்டிபானையையும் தூக்கிக்கொண்டு போனது, நாலைஞ்சு மாசம். அந்தப் பாதையில தண்ணி அள்ளப் போனவர், கஞ்சிக்கு வரிசையில நிண்டவர் திரும்பி வராத வீடு எத்தினை. அப்ப ஆள் பிந்துறது எண்டா அதுக்கு ஒரே ஒரு கருத்துத்தான். நீங்கள் சந்தைக்குப் போய் பை நிறைய மரக்கறியோட போன் எடுக்கேலாம நிண்ட அந்தப் பத்து நிமிசத்தில இவர் உங்களை ஒருக்காச் சாகக் குடுத்திட்டு இருந்திருப்பார், நீங்கள் எடுத்தவுடன பயம் கோவமா வெளியில வருது. எங்கட ஆம்பிளையளுக்குப் பயந்திட்டன் எண்டு சொல்ல ஆர் பழக்கினது?

ஆனா தங்கச்சி, விளக்கம் வேற, சாட்டு வேற. ஏச்சை நீங்கள் வாங்கிக்கொண்டு இருக்கவேணும் எண்டு நான் சொல்லேல்ல. நல்லா இருக்கிற ஒரு பின்னேரத்தில, சண்டை நேரத்தில இல்லை, சொல்லுங்கோ, "பிந்தினா மெசேஜ் போடுவன், நீங்கள் ஏசக்கூடாது" எண்டு. தொட முன்னம் ஒரு சத்தம் குடுங்கோ, வளையலைக் கிலுக்கினாலும் காணும். வன்னியில ஆனை கலைக்க ஆனைவெடி போடுறதைப் பாத்திருப்பியள், தானே கொளுத்தினா ஒண்டும் செய்யாது, அடுத்த வளவுக்காரன் சொல்லாமக் கொளுத்தினா நெஞ்சு அடைச்சுப்போகும். சத்தம் ஒண்டுதான், வரப்போகுது எண்டு தெரிஞ்சா உடம்பு தாங்கும். அடுத்த கலியாணத்துக்கு வீடியோக்காரரிட்டக் கேட்டு இவருக்கு முதலே சொல்லுங்கோ, அந்த நேரம் ரெண்டுபேருமா வெளியில போய் ஒரு சோடா குடியுங்கோ. மூச்சை இழுக்கிற நேரத்தைவிட விடுற நேரம் கூடவா இருந்தா நெஞ்சடி இறங்கும், அதையும் சேர்ந்து செய்து பாக்கலாம்.

ஒண்டு மட்டும் செய்யாதேங்கோ, "என்ன நடந்தது, முழுக்கச் சொல்லுங்கோ" எண்டு துருவாதேங்கோ. ஒரே இருப்பில எல்லாத்தையும் கொட்ட வைச்சா மனம் ஆறும் எண்டு முந்தி வெளிநாடுகளிலயே நம்பினவை, பிறகு ஆராய்ஞ்சு பாத்தா அது உதவேல்ல, சிலபேருக்குக் கூடிப்போயும் இருக்கு. இவராச் சொன்னா கேளுங்கோ, நடுவில நிப்பாட்டினா விடுங்கோ. அம்மாவுக்குச் சொல்லுறதும் இவரைக் கேட்டிட்டு.

கேள்வி: வணக்கம், எனக்கு 47 வயசு. என்ர மனுசனை 2009 மேயில பிரிஞ்சனான், இண்டைக்கு வரை ஒரு சேதியும் இல்லை. நான் பொட்டு வைக்கிறன், தாலி கட்டியிருக்கிறன். ஊரில முன்னால ஒண்டும் பின்னால ஒண்டும் கதைப்பினம், அது பழகிப்போச்சு. தங்கச்சின்ர மகளின்ர சாமத்தியவீட்டில ஆலாத்தி எடுக்க ஒவ்வொரு சோடியாக் கூப்பிட்டவை, என்னைக் கூப்பிடேல்ல. அது போதாதெண்டு பின்னேரம் தங்கச்சி வந்து, "அக்கா, அத்தானுக்கு ஒரு திதி பாத்து அந்திரட்டியைச் செய்துவிடன், ஆத்மா அலையும்" எண்டாள். கையில இருந்த தட்டத்தை எறிஞ்சிட்டு வந்திட்டன். எட்டு மாசமாக் கதை பேச்சு இல்லை. கூப்பிடாமல் விட்டது எனக்குக் கோவம், ஆனா கூப்பிட்டிருந்தாலும் கோவம் வந்திருக்கும் போலதான் கிடக்கு. எனக்கு விசரோ?
– முள்ளியவளை

பதில்: விசர் இல்லை. கூப்பிட்டாலும் கோவம், விட்டாலும் கோவம் எண்டு உங்களை நீங்களே இவ்வளவு நேராப் பாத்து எழுதியிருக்கிறியள், விசர் பிடிச்சவை அப்பிடி எழுதுறேல்ல.

எங்கட வழக்கத்தில சாவுக்கு ஒரு கணக்கு இருக்கு, எட்டுச்செலவு, முப்பத்தோராம் நாள் அந்திரட்டி, பிறகு ஆட்டைத்திவசம். அழுறதுக்கும் நாள் இருக்கு, துடக்குக் கழியிறதுக்கும் நாள் இருக்கு, சனம் வந்து இருக்கும், ஒப்பாரி சொல்லும், போகும். காணாமல் போன வீட்டுக்கு இதில ஒண்டுமே இல்லை. எண்ணத் தொடங்க முதல்நாளே இல்லையே. அமெரிக்காவில போலின் பொஸ் எண்டு ஒரு அம்மா 1970களில, வியட்நாம் சண்டையில காணாமல் போன விமானிகளின்ர குடும்பங்களைப் போய்ப் பாத்து இதுக்குத் தனிப் பேர் வைச்சவ, தமிழில சொன்னா தெளிவில்லாத இழப்பு. அவ சொன்னதில எனக்குப் பிடிச்சது, நோய் அந்த மனுசிக்குள்ள இல்லை, அவ நிக்கவைக்கப்பட்ட இடத்திலதான் கோளாறு எண்டது. இருக்கிறார் எண்டு சமைக்கவும் ஏலாது, இல்லை எண்டு படத்துக்கு மாலை போடவும் ஏலாது. இப்பிடி நிக்கிற ஆளிட்ட ஒருத்தர் வந்து செய்துமுடி எண்டா, காதில விழுறது நீயே அவரைச் சாக்காட்டு எண்டுதான். தட்டம் பறந்ததில என்ன புதினம்.

தங்கச்சியின்ர பக்கமும் ஒருக்காப் பாருங்கோ, கோவிக்காதேங்கோ. அவ உங்களைப் பாக்கேக்க எல்லாம் அவவுக்கும் அந்தக் கடைசி நாள் வருது, அந்திரட்டி செய்தா உங்களுக்கு இல்லாட்டியும் தனக்கு முடியும் எண்டு நினைச்சிருப்பா. கேட்ட விதம் பிழை, நேரம் அதைவிடப் பிழை, ஆனா கெட்ட மனசில்லை. நீங்கள் முதல் கதைக்கிறதெண்டா ஒரு வசனம் காணும்: "என்னட்ட முடிவு மட்டும் கேளாத, மிச்சம் எல்லாம் கதைப்பம்."

ஆலாத்திக் கதைக்கு வாறன். புருசன் இருக்கிறவதான் எடுக்கவேணும் எண்ட வழக்கத்தில எனக்கு மரியாதை இல்லை. போரில இவ்வளவு பொம்பிளையளைத் தனிய விட்ட மண்ணில உந்தச் சட்டத்தைப் பிடிச்சுக்கொண்டிருந்தா அரைவாசிச் சபை வெறுமையாத்தான் கிடக்கும். ஏசி எழுதுறவை எழுதுங்கோ, வாசிப்பன்.

கிளிநொச்சிக் கந்தசாமி கோயிலடியில 2017 மாசி 20 இல இருந்து காணாமல் ஆக்கப்பட்டவையின்ர சொந்தங்கள் பதில் கேட்டுப் போராட்டமா இருக்கத் தொடங்கினவை. அங்க போய்வந்த ஒரு அம்மா எனக்குச் சொன்னவ, பதில் கிடைக்கேல்ல, ஆனா பொட்டு ஏன் வைச்சிருக்கிறாய் எண்டு அங்க ஒருத்தரும் கேக்கமாட்டினம் எண்டு. அரசியல் எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும், நான் சொல்ல வந்தது அந்த இருப்பைப் பற்றி. உங்கட ஊரில அப்பிடி நாலுபேர் இருப்பினம், கோயில் வீதியில கண்டா ஒதுங்கிப் போகாதேங்கோ.

காகித அலுவல் தனி. காணி, வங்கி, பிள்ளையின்ர படிப்புக்குப் பத்திரம் தேவைப்பட்டா, செத்தவர் எண்டு எழுதாமல் ஆள் காணக்கிடைக்கேல்ல எண்டு மட்டும் குறிச்சுத் தாற சான்றிதழ் 2016 இல சட்டத்தில வந்தது. அதை எடுத்தா நீங்கள் அவரைக் கைவிட்டதா ஆகாது.

கேள்வி: அன்ரி, நான் 2008 மாசியில பிறந்தனான், சண்டை ஒண்டும் ஞாபகம் இல்லை. அம்மா தூக்கிக்கொண்டு ஓடினவவாம். வீட்டில எந்தநேரமும் மூண்டு மூட்டை அரிசி கிடக்கும், கதவடியில ஐடென்ரிகாட், பேர்த் சேட்டிபிக்கற் எல்லாம் ஒரு பொலித்தீன் பையில கட்டித் தொங்கும். நான் சத்தமாச் சிரிச்சா, "கனக்கச் சிரிக்காத, பிறகு அழவேண்டி வரும்" எண்டுவா. கொஞ்சினதா ஞாபகம் இல்லை. என்ர பிரச்சினை என்னெண்டா ஆராவது குரலை உசத்தினா நான் விறைச்சுப்போயிடுவன், என்ன கேட்டாலும் ஓம் எண்டிடுவன், பெடியள் காசு வாங்கினா திருப்பிக் கேக்க வாய் வராது. எனக்கு ஒண்டும் நடக்கேல்லயே, பிறகு ஏன்? இது ரத்தத்தில வருமோ?
– புதுக்குடியிருப்பு

பதில்: மகன், யூரியூப்பில மரபணு வழியா வருது எண்டு அடிச்சுச் சொல்லுவினம், மனுசரில அது இன்னும் உறுதியாகேல்ல, அதை நம்பிக் கவலைப்படாதேங்கோ. பிள்ளையளுக்கு வாறது உண்மைதான். யூதர்களைக் கொண்டுபோய் அடைச்ச முகாம்களில இருந்து தப்பி வந்தவையின்ர பிள்ளையளில இதைக் கண்டு கனடாவில மனநல வைத்தியர்மார் 1960களிலயே எழுதினவை, முகாமைக் கண்ணால காணாத பிள்ளையள் அவை. வாற வழி சாதாரணமான வழிதான். கைப்பிள்ளைக்கு உலகம் எண்டா தாயின்ர முகம். அந்த முகம் எந்தநேரமும் காதைக் குடுத்துக்கொண்டு விறைச்சிருந்தா, குரல் உசந்தா ஆபத்து, அசையாமல் இருந்தாத் தப்பலாம் எண்டு பிள்ளை படிக்கும், ஏனெண்டு தெரியாமலே படிக்கும். அடிபடுறது, ஓடுறது மாதிரி விறைக்கிறதும் உடம்புக்குத் தெரிஞ்ச ஒரு தப்புற வழி, அதைக் கோழைத்தனம் எண்டு நினைக்காதேங்கோ.

பழகினதை மெல்ல மாத்தலாம். காசில தொடங்காதேங்கோ, அது பெரிசு. ஆராவது தேத்தண்ணி தரட்டோ எண்டா "இப்ப வேண்டாம்" எண்டு சொல்லிப் பழகுங்கோ. பிறகு "நாளைக்குச் சொல்லுறன்". இந்த "நாளைக்குச் சொல்லுறன்" நல்ல சாமான், விறைச்ச நேரத்தில ஓம் எண்டு போகாமல் ஒரு ராத்திரி கிடைக்கும்.

அம்மா கொஞ்சேல்ல எண்டியள். ஒருநாள் அவவைக் கேட்டிட்டு அந்தப் பொலித்தீன் பையைத் திறந்து பாருங்கோ. எத்தினை இடம் ஓடி, நகையை விட்டு, சட்டிபானையை விட்டு, உங்கட பிறப்புச் சான்றிதழ் நனையாமல் வந்திருக்கு. அரிசி மூட்டையும் அதே பாசைதான். சண்டையைப் பற்றிக் கேளாதேங்கோ, அதுக்கு முந்தினதைக் கேளுங்கோ, என்ன விளையாடினவ, வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு ஆரோட நடந்து போனவ எண்டு. அவவின்ர சிரிப்பு அங்க எங்கயாவதுதான் கிடக்கும்.

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியன். முந்தி எங்கட கிராமத்தில வீடு வேய எண்டா கேக்காமலே பத்துப்பேர் வருவினம், இப்ப அடுத்த வீட்டில ஆர் இருக்கிறது எண்டும் தெரியாது, கேட்டா சந்தேகமாப் பாக்கினம். ரெலிபோன்தான் காரணமோ?
– மாங்குளம்

பதில்: சேர், போனை நானும் ஏசுவன், ஆனா முழுப் பழியையும் அதில போடேலாது. 1995 ஒக்டோபரில யாழ்ப்பாணத்து வலிகாமத்தில இருந்து இடம்பெயர்ந்து வந்த சனம், 2004 மார்கழி 26 இல முல்லைத்தீவுக் கரையில கடல் கொண்டுபோன வீடுகள், பிறகு 2009, பிறகு முகாம். ஒவ்வொரு முறையும் அயல் கலைஞ்சு வேற ஆக்களுக்குப் பக்கத்தில குடியிருக்க வேண்டி வந்தது. ஆர் ஆரிட்ட என்ன சொல்லுவினம் எண்டு தெரியாத காலமும் இருந்தது, வாயை மூடினவன் தப்பினான், அந்த மூடின வாய் இன்னும் திறபடேல்ல. பேராசிரியர் தயா சோமசுந்தரம் போல எங்கட பக்கத்து மனநல வைத்தியர்மார் இதைத்தான் கூட்டு மனவடு எண்டு சொல்லுறவை, ஆள் ஆளாக் காயப்பட்டதோட ஊர் எண்ட சாமானும் காயப்பட்டுப்போச்சு. நீங்கள் வாத்தியார், உங்களை ஆரும் சந்தேகப்படமாட்டினம், பக்கத்து வீட்டுக்கு முருங்கைக்காய் குடுத்துவிடுங்கோ, கேள்வி ஒண்டும் கேளாதேங்கோ.

கேள்வி: மனுசி எழுதச் சொன்னதால எழுதுறன். எனக்கு ஒண்டும் இல்லை. போன கிழமை சின்னவன் சோத்துக் கோப்பையைத் தட்டிக் கொட்டிப்போட்டான், அடிச்சிட்டன், கொஞ்சம் கூடிப்போச்சு. அவனுக்கு ஆறு வயசு.
– பரந்தன்

பதில்: ஒண்டும் இல்லாதவர் மனுசி சொன்னாலும் எழுதமாட்டார் தம்பி. கஞ்சிக்கு வரிசையில நிண்ட கைக்குச் சோறு நிலத்தில கிடக்கிறது தாங்கேலாது, அது எனக்கு நல்லா விளங்குது. பிள்ளைக்கு விளங்காது, விளங்கவும் தேவையில்லை. இண்டைக்கே அவன்ர உயரத்துக்குக் குந்தி, "சோறு கொட்டினதுக்கு அடிச்சது அப்பான்ர பிழை" எண்டு சொல்லுங்கோ, "ஆனா நீயும்" எண்டு பிறகு ஒண்டும் சேர்க்காதேங்கோ. கோவம் ஏறுற அடையாளம் உங்களுக்குத் தெரியும், தாடை இறுகும், காது சூடாகும், அந்த நேரம் கிணத்தடிக்குப் போங்கோ, முகத்தில குளிர் தண்ணி அடியுங்கோ.

ராத்திரிக் கனவு, நித்திரை இல்லாமை, வெருளுறது, ஆக்களைக் கண்டா ஒதுங்கிறது இதுகள் மாசக்கணக்கா இருந்தா மாவட்ட ஆஸ்பத்திரியில மனநலக் கிளினிக்குக்குப் போங்கோ. 1980 இலயே வைத்திய உலகம் இதை ஒரு நோய் எண்டு பேர் வைச்சு ஏத்துக்கொண்டது, சீனி வருத்தத்துக்குக் கிளினிக் போறதில என்ன வெக்கம், அதே மாதிரித்தான். சாராயத்தில ஆத்தப் பாத்தா, இல்லாட்டி சாகலாம் போல யோசினை வந்தா நாள் கடத்தாதேங்கோ, 1926 க்கு அடியுங்கோ, அது அரசாங்கத்தின்ர மனநல உதவி இலக்கம்.

கேள்வி: எல்லாருக்கும் புத்தி சொல்லுறியள், நீங்களும் உள்ளுக்க நிண்டனீங்களோ அக்கா? உங்களுக்கு ஒண்டும் இல்லையோ?
– கிளிநொச்சி

பதில்: நிண்டனான். பிறகு மெனிக்பாம் முகாமிலயும் இருந்தனான், இரண்டரை லட்சத்துக்கு மேல சனத்தைச் செட்டிகுளத்துக் காட்டுக்குள்ள வைச்சிருந்த காலம், 2012 புரட்டாதியிலதான் அதை முழுக்க மூடினது. தண்ணிக்கு வரிசை, கக்கூசுக்கு வரிசை, ஆளைப் பாக்க வரிசை. இண்டைக்கு எனக்குச் செல்லும் கனவில இல்லை, வண்டும் இல்லை, வரிசைதான். சுப்பர்மார்க்கெட்டில நாலுபேருக்குப் பின்னால நிண்டாக் காணும், முன்னால நிக்கிற ஆளின்ர கூடையைப் பாத்துப் பல்லைக் கடிப்பன், காசு வாங்கிற பிள்ளையில எரிஞ்சு விழுவன், அவள் பாவம் காலமை தொடக்கம் நிண்டு கால் நொந்திருப்பாள். எத்தினையோ முறை சாமானை அப்பிடியே வைச்சிட்டு வந்திருக்கிறன்.

போன மாசம் தங்கச்சின்ர மகளோட போனன், பன்ரண்டு வயசு. என்ர முகத்தைப் பாத்திட்டு, "பெரியம்மா, நீங்கள் வெளியில நில்லுங்கோ, நான் நிக்கிறன்" எண்டு காசை வாங்கினாள். ஏனெண்டு அவள் கேக்கேல்ல, நானும் சொல்லேல்ல. வெளியில போய் ரெண்டு ஐஸ்பழம் வாங்கிக் கையில பிடிச்சுக்கொண்டு நிண்டன், அவள் வாறதுக்குள்ள ரெண்டும் உருகி முழங்கை மட்டும் வடிஞ்சிட்டுது.